காடியும் உப்பும்

மளிகைக் கடை வைத்திருப்போர் நாள்தோறும் கையாளும் சரக்குகளில் காடியும் உப்பும் இரண்டு. காடி புளிப்பு; உப்பு உவர்ப்பு. நல்ல உப்பை நல்ல நீரில் கரைத்தால் அந்த நீர் புளிப்பதுமில்லை, சோடா உப்புக் கரைசலைப் போல் கையில் வழுக்குவதுமில்லை. அது புளிப்பின் கட்சியும் அன்று, காரத்தின் கட்சியும் அன்று. அப்படியிருக்க, காடியில் உப்பைப் போட்டால் காடியின் புளிப்புக்கு ஏதேனும் நேருமா என்று கேட்டால், நேராது என்றே நம்மில் பெரும்பாலோர் சொல்வர். ஆனால் நேருகிறது, கருவி வைத்து அளக்கக்கூடிய அளவுக்கு நேருகிறது. ஊறுகாய், அச்சார், பதப்படுத்திய பழம் ஆகியவற்றை வாங்கி விற்கும் நம் வர்த்தகச் சகோதரர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏனெனில் இந்நாளில் புட்டியின் மேல் ஒட்டும் எண்ணுக்கும், அந்த எண்ணை நம்பி உண்பவருக்கும் விற்பவரே பொறுப்பு.

முதலில் புளிப்பு என்பது யாது என்று பார்ப்போம். காடியின் புளிப்புக்குக் காரணம் அசெட்டிக் அமிலம் என்னும் பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் காடியைப் பெற்று அதைப் புகழ்ந்ததாக ஹதீஸில் வருவதை நாம் அறிவோம். இந்நாட்டு மலாய்க்காரர் சூக்கா என்பதும் அதுவே. கடையில் விற்கும் காடியில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு இந்த அமிலம் உண்டு. அமிலத்தின் ஒவ்வொரு துகளும் தன்னிடமுள்ள ஒரு ஹைட்ரஜனை நீரில் விட்டுவிடக்கூடியது. விட்டபின் அந்த ஹைட்ரஜன் நேர் மின்னேற்றம் பெற்றதாகவும், மீதித் துண்டு எதிர் மின்னேற்றம் பெற்றதாகவும் ஆகிவிடும். இவ்வாறு மின்னேற்றம் பெற்ற துகள்களுக்கு அயனி என்று பெயர். நாவில் சுரீரென்று படுவது இப்படி விடுபட்ட ஹைட்ரஜனே.

எல்லாத் துகள்களும் விட்டுவிடுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கடைக் காடியில் 1000 துகளுக்கு 4 அல்லது 5 துகளே ஹைட்ரஜனை விட்டு நிற்கின்றன. அவையும் அதே துகள்களாக நிலைத்திருப்பதில்லை. விட்டவை மறுபடியும் சேர்கின்றன, சேர்ந்திருந்தவை விடுகின்றன. பெருநாள் சந்தையின் வாயிலில் நின்று பார்த்தால், உள்ளே போவோரும் வெளியே வருவோரும் ஓயாமல் நடந்துகொண்டிருக்க, உள்ளே இருக்கும் கூட்டம் மட்டும் ஒரே அளவாக இருக்குமல்லவா? அதைப் போன்றதே இது. இதற்குச் சமநிலை என்று பெயர். எந்த அளவில் அந்தச் சமநிலை நிற்கும் என்பதைக் குறிக்கும் எண்ணே சமநிலை மாறிலி. மாறாதது என்பதால் மாறிலி என்றனர். அப்பெயர் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அந்த எண் மிகவும் சிறியது. எழுதினால் புள்ளிக்குப் பின் சுழியமாக வரும். ஆகவே அதைச் சுருக்கித் தலைகீழ்க் கணக்காக எழுதுவது வழக்கம். அமிலத்துக்குரிய இந்தச் சுருக்க எண்ணை நாம் வசதிக்காக விடுகை எண் என்று வைத்துக்கொள்வோம். கருவி காட்டும் புளிப்பளவுக்குப் பி.எச். என்று பெயர். கோப்பன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சன் என்பவர் 1909-ல் இந்த முறையை வகுத்தார். அது மது வடிக்கும் நிறுவனம் நடத்திய ஆய்வுக்கூடம். அளவுகோல் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. இந்தக் கணக்கில் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஒன்று குறைந்தால் பத்து மடங்கு, 0.3 குறைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே 0.2, 0.3 என்பதை அற்பம் என்று தள்ளிவிடக்கூடாது.

புளிப்புக்கு எதிரான காரத்தை ஐரோப்பியர் ஆல்கலி என்று அழைப்பது நம் வாசகருக்குப் புதிதாகத் தோன்றலாம். அச்சொல் அரபு மொழியிலிருந்து சென்றது. உவர்நிலத்துச் செடிகளைச் சுட்டெடுத்த சாம்பலுக்கு அரபிகள் அல்-கலீ என்று பெயரிட்டிருந்தனர். சவர்க்காரம் காய்ச்ச அதுவே உதவிற்று.

இனி உப்புக்கு வருவோம். 25 பாகை வெப்பத்தில், வேறெதுவும் கலவாத நீரில் காடியமிலத்தின் விடுகை எண் 4.76. புத்தகங்களில் அச்சாகியிருப்பது இதுவே. அந்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 29 கிராம் சோற்றுப்பைப் போட்டுவிட்டு, விடுபட்ட துகள்களையும் விடாத துகள்களையும் எண்ணிக் கணக்கிட்டால், எண் ஏறக்குறைய 4.5 என்று வருகிறது. அமிலம் ஒரு சொட்டும் கூடவில்லை. ஆயினும் மாறிலி ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிவிட்டது. கடைக் காடியில் இதைப் பொருத்திப் பார்த்தால், 1000-க்கு 4 அல்லது 5 என்று இருந்த விடுபட்ட துகள்கள் 6 ஆகின்றன. அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

காரணம் யாது? உப்பு நீரில் கரைந்ததும் சோடியம் நேர் அயனியாகவும், குளோரைடு எதிர் அயனியாகவும் பிரிந்து நீர் முழுவதும் பரவுகின்றன. காடியமிலம் விட்ட ஹைட்ரஜன் நேர் மின்னேற்றம் உடையது. மீதித் துண்டு எதிர் மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். வெறும் நீரில் அந்த இழுப்பு தடையின்றிச் செல்லும். உப்பு நீரிலோ, ஹைட்ரஜனைச் சுற்றிக் குளோரைடு கூட்டம் சற்று மிகுதியாக நிற்கிறது. மீதித் துண்டைச் சுற்றிச் சோடியம் கூட்டம் நிற்கிறது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஆளில்லாத தெருவில் எதிரெதிரே வந்தால் தப்ப வழியில்லை. அதே இருவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளிவரும் கூட்டத்தில் இருந்தால், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிவதே அரிது. அயனிகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே. சேர்வது குறைகிறது, ஆகவே பிரிந்து நிற்பவை கூடுகின்றன. இந்தக் கூட்ட விளைவை 1923-ல் டெபை, ஹியூக்கெல் என்ற இருவர் கணக்காக்கித் தந்தனர். மெல்லிய உப்பு நீருக்கு அக்கணக்கு இன்றும் பொருந்துகிறது.

சீனியைப் போட்டால் இப்படி நடக்காது. சீனித் துகளுக்கு மின்னேற்றம் இல்லை. உப்பு என்றாலும் எல்லா உப்பும் ஒன்றல்ல. சோற்றுப்பில் ஒவ்வொரு அயனிக்கும் ஒற்றை மின்னேற்றம். பேதி உப்பு என்று நாம் விற்பதில் மக்னீசியமும் சல்ஃபேட்டும் இரட்டை மின்னேற்றம் உடையவை. இக்கணக்கில் மின்னேற்றத்தை அதனாலேயே பெருக்கிக் கொள்ள வேண்டும். ஆதலால், எண்ணிக்கையில் சமமான துகள்களை எடுத்துக்கொண்டால், பேதி உப்பு சோற்றுப்பைப் போல் நான்கு மடங்காக மதிக்கப்படும். லூயிஸ், ராண்டல் என்னும் இரு அமெரிக்கர் 1921-ல் இந்த மதிப்பை வகுத்து, அயனி வலிமை என்று பெயரிட்டனர்.

எலுமிச்சை ஊறுகாயில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் ஒவ்வொன்றும் மூன்று ஹைட்ரஜனை ஒன்றன்பின் ஒன்றாக விடும். வெறும் நீரில் அதன் விடுகை எண்கள் 3.13, 4.76, 6.40. லிட்டருக்கு 6 கிராம் அளவு உப்புள்ள நீரில் அவை ஏறக்குறைய 2.9, 4.35, 5.7 என்று இறங்குகின்றன. முதல் இறக்கம் 0.2, இரண்டாவது 0.4, மூன்றாவது 0.7. முதல் ஹைட்ரஜனை விட்ட துண்டுக்கு ஒற்றை மின்னேற்றம், அடுத்ததற்கு இரட்டை, கடைசிக்கு மும்மடங்கு. இழுப்பு எவ்வளவு பெரிதோ, கூட்டம் அதைத் தடுப்பதும் அவ்வளவு பெரிது. அம்மோனியாவில் நேர்மாறு. அங்கே பிரிவதற்கு முன்னும் ஒரு நேர் மின்னேற்றம், பிரிந்த பின்னும் ஒரே நேர் மின்னேற்றம். இரு தட்டும் சமமாதலால், கடல் நீரளவு உப்பிலும் அதன் எண் 9.25-லிருந்து அதிகம் நகருவதில்லை. ஆகவே உப்பு எல்லா அமிலத்தையும் ஒரே படியாய் வலுப்படுத்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மின்னேற்றத்தின் கணக்கைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

மேலும் இறக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காடியமிலத்தின் எண் லிட்டருக்கு 29 கிராம் உப்பை ஒட்டிய இடத்தில்தான் மிகத் தாழ்ந்து நிற்கிறது. அதன் பிறகு உப்பைக் கூட்டக் கூட்ட மெல்ல மேலே திரும்புகிறது. இதற்கு நீரின் தட்டுப்பாடே முக்கிய காரணம். 29 கிராம் உப்பில், ஒவ்வொரு அயனிக்கும் பங்கிட்டால் 55 நீர்த்துகள் கிடைக்கும். இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பிட்ட நீரிலோ, ஓர் அயனிக்கு நாலரைத் துகளே மிச்சம். அயனிகள் நீரைத் தம்மைச் சுற்றிப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. சரக்கு இருந்தும் வண்டி கிடைக்காத துறைமுகம் போல் ஆகிவிடுகிறது. மாங்காயை உப்பில் புதைத்து வைக்கும் ஜாடி இந்த இனம். மெல்லிய உப்பு நீரின் கணக்கை அங்கே கொண்டுபோய் வைத்தல் ஆகாது.

இதுவரை துகள்களின் எண்ணிக்கையையே பேசினோம். கருவி காண்பது எண்ணிக்கையை அன்று. கிடங்கில் 100 மூட்டை இருக்கலாம். முன்னே வேறு சரக்கு அடைத்துக் கிடப்பதால் கைக்கு எட்டுவது 75 என்றால், அன்றைய வியாபாரத்துக்கு 75-தானே? உப்புக் கூட்டத்தால் சூழப்பட்ட ஹைட்ரஜனும் அத்தகையதே. துகள் கூடியிருக்கும், ஒவ்வொன்றின் செயல்வலு குறைந்திருக்கும். மேற்சொன்ன உப்பிட்ட காடியில் விடுபட்ட துகள்கள் மூன்றில் ஒரு பங்கு கூடின. ஒவ்வொன்றின் செயல்வலு ஏறக்குறைய முக்காலாகிவிட்டது. பெருக்கிப் பார்த்தால் பழைய அளவே வருகிறது. ஆகவே மின்கருவியின் முள் அதிகம் நகராது. அடர்ந்த உப்பிலோ, நீர் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு துகளின் செயல்வலுவும் ஏறிவிடும். அமிலம் ஏதும் சேர்க்காமலே கருவி முன்னிலும் புளிப்பாகக் காட்டும்.

இங்கேதான் வியாபாரிக்கு விழிப்பு வேண்டும். வீட்டில் ஊறுகாய் போட்டுக் கடைக்குக் கொடுக்கும் தாய்மார் சிலர், “நானா, இந்தத் தடவை காடியைக் குறைத்துவிட்டு உப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன், தாள் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது” என்று சொல்வதுண்டு. உப்பு காடிக்குப் பதிலாகாது. உப்பினால் மாறியது இருந்த அமிலம் எப்படிப் பிரிந்து நிற்கிறது என்பதே. அமிலத்தின் மொத்த இருப்பு கூடவில்லை. காயிலும் பூண்டிலும் புளிப்பை உறிஞ்சிக் கொள்ளும் பொருள்கள் உண்டு. அவற்றை ஈடுகட்டுவது மொத்த இருப்பேயன்றி, அந்த நேரத்தில் பிரிந்து நிற்கும் ஆறு துகள் அன்று. காற்றுப் புகாத புட்டியில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் என்னும் கிருமியை முன்னிட்டே அமெரிக்க உணவு விதிகள் காடியிட்டுப் பதப்படுத்திய உணவுக்குப் பி.எச். 4.6 என்னும் எல்லையை வைத்திருக்கின்றன. புட்டிக்குள் எல்லாம் ஊறி ஒன்றான பிறகும் அதற்கு மேலே போகக்கூடாது. உப்பும் தன் வழியில் கிருமியைத் தடுப்பது மெய்தான். அதற்கு வேண்டிய அளவு வேறு. அதன் கணக்கும் வேறு. பாதி உப்பு, பாதி காடி என்று மனம்போல் மாற்றிக்கொள்ள அது இடங்கொடுக்காது.

சரி, அந்தத் தாள் சொன்ன சாட்சியம் என்ன ஆயிற்று? நிறம் மாறும் தாளில் தோய்த்திருக்கும் சாயமும் ஒரு மெல்லிய அமிலமே. அது ஹைட்ரஜனை விட்டால் ஒரு நிறம், விடாவிட்டால் ஒரு நிறம். அப்படியானால் உப்பு காடியின் விடுகை எண்ணை நகர்த்துவது போலவே சாயத்தின் எண்ணையும் நகர்த்தும் அல்லவா? வழக்கை விசாரிக்க அழைத்த சாட்சியே எதிர்தரப்பின் விருந்தை உண்டு வந்தவனாக இருக்கிறான். எதிர் மின்னேற்றமுள்ள சாயமானால், உள்ளதைவிடப் புளிப்புக் குறைவாகவே பெரும்பாலும் காட்டும். வேறு சாயம் வேறு பக்கம் சாயும். சோரன்சனும் பாலிட்ஸ் என்பவரும் கடல் நீரைச் சாயங்கொண்டு அளக்க முற்பட்டபோதே இதைக் கண்டு, திருத்தம் வகுத்து 1910-ல் வெளியிட்டனர். உப்புப் பிழை என்று இதற்குப் பெயர். அளவையில் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆன் ஒரு தனி அத்தியாயத்தையே, சூரத்துல் முதஃப்ஃபிஃபீனை, தொடங்குகிறது. நம் தராசுக்கு வருடந்தோறும் முத்திரை வாங்குகிறோம். ஊறுகாய்க்கும் அதே முறைதான்: மின்கருவியை அறிந்த பி.எச். உள்ள கரைசல்கள் இரண்டில் வைத்துச் சரிபார்த்து, பிறகு காயும் நீருமாகச் சேர்த்து அரைத்த ஊறுகாயிலேயே பார்க்க வேண்டும். புட்டியில் அடைத்த அன்றே பார்த்தால் காயின் உட்புறம் புளிப்பு ஏறியிராது. ஊறிய பின் பார்ப்பதே கணக்கு.

உப்பு மாறினால் எண் மாறும் என்பதற்கு ஆய்வுக்கூடச் சரக்கு விற்போர் அறிந்த ஒரு சான்று உண்டு. பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலைப் பத்து மடங்கு அடர்த்தியாகப் புட்டியில் விற்பார்கள். வாங்குபவர் நீர் கலந்து பயன்படுத்துவார். அடர்ந்த நிலையில் அதன் பி.எச். ஏறக்குறைய 6.8. ஒன்றுக்கு ஒன்பது பங்கு நல்ல நீர் கலந்ததும் 7.4 ஆகிவிடும். காரம் எதுவும் சேர்க்கவில்லை. உப்பு கலைந்தது, அதனால் பாஸ்பேட்டின் விடுகை எண் மேலே ஏறியது, அவ்வளவே. அடர்ந்த புட்டியை அளந்துவிட்டுச் சரக்கு கெட்டது என்று திருப்பி அனுப்புபவர் விற்றவருக்கு அநியாயம் செய்தவராவார். நம் இரத்தமும் இந்த விதிக்கு உட்பட்டதே. அதன் அயனி வலிமை, லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள ஆஸ்பத்திரி உப்பு நீரின் வலிமையை ஒட்டியது. உடல் வெப்பத்தில் கார்பானிக் அமிலத்தின் எண் வெறும் நீரில் ஏறக்குறைய 6.3, இரத்தத்துக்கு மருத்துவர் கொள்ளும் எண் 6.1.

புட்டியை விட்டுக் கடலுக்குப் போனால் இந்த விஷயத்தின் பரிமாணம் விளங்கும். பெருங்கடல் நீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. காற்றிலுள்ள கரியமிலவாயு கடலில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அது இரண்டு ஹைட்ரஜனை விடும். 25 பாகையில் வெறும் நீரில் அதன் எண்கள் 6.35, 10.33, கடல் நீரில் ஏறக்குறைய 5.85, 8.97. இரண்டாவது மாறிலி இருபது மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. இரட்டை மின்னேற்றம் ஒரு காரணம். கடலிலுள்ள மக்னீசியமும் கால்சியமும் அந்தத் துண்டைப் பிடித்து வைத்துக்கொள்வது மற்றொரு காரணம். சிப்பியும் பவளமும் ஓடு கட்ட வேண்டிய சரக்கு, இரண்டு ஹைட்ரஜனையும் விட்டு நிற்கும் அந்தக் கார்பனேட்டே. கடல் நீரின் பி.எச். 8.1 என்று வைத்து, வெறும் நீரின் எண்ணைப் போட்டுக் கணக்கிட்டால், ஒரு ஹைட்ரஜன் மீந்த துண்டு 1000 இருக்குமிடத்தில் கார்பனேட் 6 என்று வரும். கடலின் சொந்த எண்ணைப் போட்டால் 130-க்கு மேல் வரும். கணக்குப் போட்ட விரல் ஒன்றே, எடுத்த பேரேடுதான் வேறு.

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் கடல் மேற்பரப்பின் பி.எச். ஏறக்குறைய 8.2, இப்போது 8.1-ஐ ஒட்டி நிற்கிறது. இந்த 0.1 இறக்கத்தால் ஓடு கட்டும் சரக்கு எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால், கடல் நீரிலேயே அளந்த மாறிலி வேண்டும். மெர்பாக்கும் அவருடைய கூட்டாளிகளும் உப்பின் அளவையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றிக் கடல் நீரிலேயே அளந்து 1973-ல் வெளியிட்ட எண்களைப் பின்வந்தோர் செப்பனிட்டு இன்றும் பயன்படுத்துகின்றனர்.

ஆற்று முகத்துவாரத்தில் இந்த வேலை இன்னும் கடினம். இனிய நீரும் உவர் நீரும் சந்திப்பதைக் குர்ஆன் சூரத்துல் ஃபுர்கானில் எடுத்துக் கூறுகிறது. கிள்ளான் ஆறோ மூவார் ஆறோ கடலில் சேரும் இடத்தில் படகில் போனால், மேலே ஆற்று நீரில் ஏறக்குறைய 6.35 ஆக இருக்கும் எண், கடலை நெருங்க நெருங்க மைலுக்கு மைல் இறங்கிக்கொண்டே போகும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் கூட அதே இடத்தில் அது மாறும். ஆகவே அங்கே நீர் எடுப்பவர்கள், ஒவ்வொரு புட்டியின் சீட்டிலும் பி.எச். எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பத்தையும், அந்த வேளையில் அந்நீரிலிருந்த உப்பின் அளவையும் சேர்த்தே எழுதி வைக்கின்றனர்.